பூவராகன் போட்ட கடல் கோடு

டாக்டர் பூவராகனுக்கு ஊசி போடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் தொங்கிய போர்டைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்களை நான்தான் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் சமூக மேம்பாட்டில் டாக்டர். சமூகம் மேம்பட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் மேம்பட்டார். அதற்கு நான் சாட்சி. எண்பத்து மூன்றிலிருந்து அவருக்கு டைப் அடித்துக் கொட்டியவள் நான்.

என் பெயர் அபிதகுஜாம்பாள். முழுசாகச் சொன்னால் அவருக்கு வாய் வலிக்கும், அதனால் அபிதா. கிழக்குத் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, அவர் வீட்டு முன்கட்டில் இருந்த 'மக்கள் மேம்பாட்டு ஆய்வு மைய'த்தில் உட்காருவேன். மையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டைப்ரைட்டர், ஒரு பீரோ, சுவரில் தலையில் குடம் வைத்த பெண்ணின் போட்டோ. அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது.

அவருடைய அப்பா துளசிங்கம் பரம்பரை விவசாயி. ஏரித் தண்ணீரில் முப்போகம் விளைந்த நிலத்தைக் கல் நட்டு பிளாட்டாக்கி விற்றார். அந்தப் பணத்தில் பிள்ளை சீமைக்குப் போய், விளைநிலங்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிக்கொண்டு வந்தது. வீட்டிலேயே அப்பாவைக் கேட்டிருந்தால் இட்லி ஆறுவதற்குள் சொல்லியிருப்பார். அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, முகத்தில் கொஞ்சம் தாடி, கொஞ்சம் துயரம் என்று வந்து இறங்கினார்.

முதலில் புகையில்லா அடுப்பு. மாடம்பாக்கத்தில் வீடு வீடாகப் போட்டுக் கொடுத்தார். புகைக்குழாய் கூரைக்கு வெளியே போக வேண்டும். இவருடைய ஆட்கள் கூரைக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். பெண்கள் அழுதுகொண்டே சமைத்தார்கள். இவர் அதைப் பற்றிப் பேசிவிட்டு வர ஜெனிவாவுக்குப் போனார். அப்புறம் மரம் நடும் சீசன். கோவிலம்பாக்கத்தில் நட்டதையெல்லாம் ஆடு தின்றுவிட்டது. 'திட்டத்தில் ஆடுகளின் பங்கேற்பு' என்று எழுதாததுதான் பாக்கி. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஜனங்களின் பெயர் மாறும். முதலில் பயனாளிகள் என்று டைப் அடித்தேன். பிறகு இலக்குக் குழு என்று அடிக்கச் சொன்னார். தொண்ணூறில் பங்குதாரர்கள் ஆக்கிவிட்டார். பங்குதான் வரவில்லை.

தொண்ணூற்றொன்றில் கடற்கரைச் சட்டம் வந்தது. அதோடு இவருக்கு அடித்தது யோகம். கடல் ஏறி வரும் எல்லை எது என்று கரை முழுக்க ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கடல் பக்கம் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. இந்தப் பக்கமும் கட்டுப்பாடுதான், ஆனால் காலங்காலமாகக் குடியிருக்கும் மீனவர்களுக்கு விலக்கு உண்டு. அந்தக் கோட்டை ஜனங்களையே கேட்டுப் போட்டால் என்ன என்று பூவராகன் ஒரு திட்டம் எழுதினார். சர்க்காரில் அளக்க ஆள் இல்லை. சரி, உங்கள் படத்தையே தாருங்கள் என்றுவிட்டார்கள்.

சோழிங்கநல்லூருக்குக் கிழக்கே, கால்வாய்ப் பாலம் தாண்டி, அங்காளம்மன் குப்பம். ஓலைக் குடிசைகள் அறுபது இருக்கும். அதை ஒட்டினாற்போல் ராஜகோபால் என்ற எண்ணெய் வியாபாரியின் பங்களா. நான் குறிப்பெழுதக் கூடப் போனேன். மீன் வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். அன்றைக்கு முந்தானையை மூக்கில் வைக்காமல் இருந்ததே என் சாதனை.

பூவராகன் பெண்களை மணலில் உட்கார வைத்துக் கலர் கோலப்பொடியைக் கொடுத்து ஊரை வரையச் சொன்னார். வரைந்தார்கள். பிறகு கண்ணை மூடித் திறந்து, குரலைத் தாழ்த்தி, "கடல் எது வரைக்கும்மா வரும்?" என்று கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகமெல்லாம் பூரிப்பு. கிளியம்மாள் என்று ஒருத்தி எழுந்தாள். தாம்பரம் வரை கூடை தூக்கிக்கொண்டு போய் மீன் விற்கிறவள், நாற்பது வயசு இருக்கும். விறுவிறுவென்று எங்களை அழைத்துக்கொண்டு போனாள். குடிசைகளையெல்லாம் தாண்டி, ஊருக்கு மேற்கே மேட்டில் இருக்கும் அங்காளம்மன் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதோ, இம்மாந்தூரம். வருசா வருசம் வந்து ஆத்தா காலத் தொட்டுட்டுப் போவும்."

"வருஷா வருஷமா?"

"ஒரு வருசம் தப்புனது கெடையாது சார்."

எனக்குச் சுருக்கென்றது. கோயில் குடிசைகளுக்கு மேற்கே இருக்கிறது. கடல் கிழக்கே இருக்கிறது. "அப்போ உங்க வீட்டுக்குள்ள எல்லாம் தண்ணி வந்துடுமே?" என்று கேட்டுவிட்டேன்.

"வூட்டுக்குள்ளயா? அத்தெல்லாம் வராது. தெரு வழியா வரும், தெரு வழியா போவும்."

"அபிதா, நீங்க லீட் பண்ணாதீங்க" என்று பூவராகன் பல்லைக் கடித்தார். எனக்குத் தெரிந்ததுகூட அவருக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றியிருக்கும். ஆனால் தெரு வழியாகக் கடல் வந்து அம்மன் காலைத் தொடுகிறது என்பது எவ்வளவு அழகான கட்டுரை! அதை விட்டுவிட்டு யாராவது குறுக்குக் கேள்வி கேட்பார்களா?

அடுத்து பங்களா. அங்கே துரைராஜ் என்ற வாட்ச்மேன். "கடல் தண்ணியா? இங்கயா? ஓனர் காதுல உழுந்தா என்னத் தொலைச்சுடுவாரு சார். வரவே வராது" என்றான். அதையும் எழுதிக்கொண்டார்.

ஆக, பூவராகன் போட்ட கோடு குப்பத்தை முழுசாக விழுங்கிக் கோயில் வரை போனது. பங்களா வந்ததும் காம்பவுண்டுச் சுவரோரமாக ஒதுங்கி, மணலுக்கு இறங்கிவிட்டது. கடலுக்கே ராஜகோபாலிடம் மரியாதை. இந்தப் படத்தைச் சர்க்கார் வாங்கி முத்திரை குத்தியது. இவர் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதி இங்கிலாந்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். நான்தான் அடித்தேன்.

மறு வருஷம் மாசி மாதத் திருவிழாவுக்குக் குப்பத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனோம். சாயங்காலம் ஊரே கரைக்குத் திரண்டது. கிளியம்மாள் மஞ்சள் புடவையில் கடலில் இறங்கி முங்கி எழுந்தாள். பித்தளைத் தவலையில் கடல் தண்ணீரை மொண்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், மேளம் முழங்கியது. "கடலு வருது! வழி வுடு! கடலு வருது!" என்று ஜனம் இரண்டாகப் பிரிந்தது. அவள் தெரு வழியாக நடந்தாள். அவள் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டான். ஊர்த் தலைவர் வீராசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். தாம்பரம் பஸ்ஸில் கூடையோடு ஏறினால் கண்டக்டர் "படியாண்ட நில்லு" என்று விரட்டுகிற கிளியம்மாள், அன்று கடலாக நடந்து போய் அம்மன் காலில் ஊற்றினாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "வருஷா வருஷம் இவங்கதான் எடுத்துட்டு வருவாங்களா?" என்று கேட்டேன். அவள் பதறிப் போய் என் வாயைப் பொத்தாத குறை.

"தூக்கினு வர்றோம்னு சொல்லக் கூடாதும்மா. கடலு வருது, அவ்ளோதான். எங்க மாமியா காலத்துலர்ந்து யாரும் சொன்னது இல்ல. சொன்னவ கையி அப்பால தவலையத் தொடக் கூடாது. கிளியம்மா மாமியாருக்கப்புறம் அதுக்குதான் அந்தக் குடுப்பனை."

விஷயம் புரிந்துவிட்டது. பூவராகனைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. தவலையைப் பார்க்கிறார், கடலைப் பார்க்கிறார், தாடியைச் சொறிகிறார்.

திரும்பும்போது ஜீப்பில் கேட்டேன். "சார், கோடு தப்பு. திருத்திடலாமே?"

"சிம்பாலிக் ரியாலிட்டியும் ரியாலிட்டிதான் அபிதா."

"தவலைத் தண்ணிக்கு எதுக்கு சார் அறுபது வீட்டைக் கடல்ல தள்ளணும்?"

"ஆர்ட்டிகிள் அக்செப்ட் ஆயிடுச்சு" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அந்தச் சித்திரையில் குப்பம் எரிந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு அடுப்பிலிருந்து பிடித்த நெருப்பில், காற்று பலமாக இருந்ததால் ஒரு ஓலை மிஞ்சவில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று பேப்பரில் நாலு வரி வந்தது. மந்திரி வந்தார், வேட்டி சேலை கொடுத்தார், எல்லோருக்கும் தளம் போட்ட வீடு என்று மைக்கில் சொன்னார். உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் ஆபீசில் ஒருவர் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த இடம் கடலில் அல்லவா இருக்கிறது, கடலில் எப்படி வீடு கட்டுவது என்று ஃபைலைத் திருப்பிவிட்டார். சர்க்கார் கணக்கில் ஜனங்கள் தண்ணீருக்குள் குடியிருந்தார்கள். நிஜத்தில் தார்ப்பாய்க்குக் கீழே குடியிருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் கிளியம்மாளின் புருஷனுக்கு மார்ச்சளி கண்டு, தைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

காரியம் முடிந்த கையோடு அவளும் வீராசாமியும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். பூவராகன் எழுந்து நின்று வரவேற்று, டீ வரவழைத்து, துக்கம் விசாரித்தார். அதிலெல்லாம் குறை வைக்க மாட்டார்.

"சார், கோடு நீ போட்டது. தப்பாப் போட்டுட்டேன்னு நீயே ஒரு வார்த்த சொல்லிட்டா தீந்துச்சு" என்றாள் கிளியம்மாள். "எங்க வாயால சொல்ல முடியாது. இன்னாத்துக்குன்னு உனக்கே தெரியும், நீதான் கண்ணால பாத்தியே."

"உங்க மனு மேல அடுத்த மாசம் ஆபீசர் விசாரணைக்கு வர்றார். நானும் வருவேன். பார்த்துக்கலாம்மா."

"பாத்துக்கலாம்னா?"

"நான் இருக்கேன்ல?"

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உயிர் வந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "டைப்பு அம்மா, தங்கமான மனுசன் உங்க சாரு" என்றாள். உள்ளே வந்து, "ரெண்டு வரி லெட்டர் சார். நானே அடிச்சுத் தர்றேன், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றேன்.

"அபிதா, கிரெடிபிலிட்டின்னு ஒண்ணு இருக்கு. அந்த ஆர்ட்டிகிளைப் பார்த்துதான் ஹாலந்துல ஒரு போஸ்டுக்கு என் பேரைப் பேசிக்கிட்டு இருக்காங்க. இப்போ போய் தப்புன்னு எழுதினா?"

எழுதினால் ஹாலந்து போகும். எழுதாவிட்டால் அறுபது வீடு போகும். அவர் மனசில் அந்தத் தராசு ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

விசாரணை குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சிட்டிபாபு என்ற ஆபீசர் வந்தார். நல்ல மாதிரிதான், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். படத்தை மேஜையில் விரித்தார். ஜனம் தரையில். பூவராகன் ஓரமாக நாற்காலியில், ஜோல்னாப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"கடல் கோயில் வரைக்கும் வரும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இப்போ வீடு கேக்கறீங்க. வருமா, வராதா?"

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

ஆபீசரும் பார்த்தார். "டாக்டர், படம் உங்களோடது. சரிதானே?"

பூவராகன் தொண்டையைச் செருமினார். "இது மக்களோட அறிவு சார். அவங்களுக்காக நான் பேசறது அவங்க குரலைப் பறிக்கிற மாதிரி. அவங்களே பேசட்டும்."

அட படுபாவி! பதினொரு வருஷமாக அவர்களுக்காகப் பேசிப் பேசியே ஊர் ஊராகப் பறந்தவன், பேச வேண்டிய ஒரே நாளில் குரலைப் பறிக்க மாட்டானாம். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து, "சார், அது கோடு தப்பு சார்" என்றேன்.

"இவங்க யாரு?" என்றார் சிட்டிபாபு.

"எங்க டைப்பிஸ்ட். டெக்னிக்கல் சைடு அவங்களுக்குத் தெரியாது" என்றார் பூவராகன், சிரித்துக்கொண்டே. உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார் ஆபீசர்.

வீராசாமி தரையைப் பார்த்தார். மீசை வைத்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் தரையைத்தான் பார்த்தார்கள். கிளியம்மாள் மட்டும் பூவராகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் வாட்சைப் பார்த்துவிட்டுப் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அப்போது அவள் எழுந்தாள்.

"கடலு வரலீங்க."

"என்னம்மா?"

"கோயில் வரிக்கும் கடலு வரல. என்னிக்குமே வந்தது இல்ல. நான்தான் தவலையில தூக்கினு வந்து ஊத்தறேன்."

பெண்கள் ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கிளியம்மாள் அசையவில்லை. "எழுதிக்க சார்" என்றாள். "எழுதிக்கினு வூடு குடு."

சிட்டிபாபு விழுந்து விழுந்து சிரித்தார். தவலையா, தவலையா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் சிவப்புப் பென்சிலை எடுத்துக் கோட்டைக் குடிசைகளுக்குக் கிழக்கே தள்ளிப் போட்டார். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பூவராகனைப் பார்த்து, "என்ன டாக்டர், இப்படியா?" என்றார். "சமூகம் தன்னோட கதையாடலை மறுபரிசீலனை பண்ணுது சார். நாம மதிக்கணும்" என்றார் பூவராகன். இப்படி ஒரு வாக்கியம் கைவசம் இருக்கிறவனை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வீடு வந்தது. தொண்ணூற்றேழில் எல்லோரும் தளம் போட்ட வீட்டுக்குக் குடிபோனார்கள், கிளியம்மாள் உட்பட. ஆனால் அதற்கு முன்னாலேயே ஊர் கூடி அவளிடமிருந்து தவலையை வாங்கிவிட்டது. வாயைத் திறக்காத வீராசாமிதான் தீர்ப்புச் சொன்னார். தவலை அவர் மருமகள் சாமுண்டீஸ்வரிக்குப் போனது. திருவிழா அன்று கிளியம்மாள் தெருவில் நிற்கவும் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். அவள் வாங்கிக் கொடுத்த கூரைக்குக் கீழே குடிவந்த பிறகும் அவளைத் தள்ளியே வைத்தார்கள். நல்ல ஜனம், நல்ல தலைவர்! இதை அவளிடம் சொல்லி நான் கொதித்தபோது, "சொன்ன வாயி சொன்னதுதானம்மா. அவங்க மேல தப்பு இல்ல" என்றாள். தாம்பரம் மார்க்கெட் வாசலில், கூடையை இறக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். கண் மட்டும் என் முகத்துக்கு வரவில்லை.

பூவராகனுக்கு ஹாலந்து உறுதியாகிவிட்டது. போகுமுன் இன்னொரு கட்டுரை வேண்டுமாம். ஒரு சமூகம் தன் புனிதத்தைத் தானே துறப்பது பற்றி. அதற்குக் கிளியம்மாளிடம் பேட்டி எடுக்க வேண்டும். எந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? மாசித் திருவிழா நாளை. "காண்டெக்ஸ்ட் கிடைக்கும்" என்றார்.

போனோம். ஊரெல்லாம் கரையில் இருந்தது. அவள் கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டுவிட்டு மறுபடி சாத்தினாள். சிமெண்டுத் தரையில் பாய் விரித்தாள். சுவரில் புருஷன் படம். பூவராகன் சம்மணம் போட்டு உட்கார்ந்து டேப்ரிக்கார்டரைத் தட்டினார். தூரத்தில் மேளம் கேட்டது. அவள் விரல்கள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

"அன்னிக்கு எழுந்து பேசினீங்களே கிளியம்மா. அந்த முடிவை எப்படி எடுத்தீங்க? மனசுல என்ன ஓடிச்சு?"

"முடிவா?" என்றாள். "நான் இன்னா முடிவு எடுத்தேன்? நீ எந்திரிப்பேன்னு உன் மூஞ்சியையே பாத்துகினு இருந்தேன் சார். நான் இருக்கேன்னியே. நீ எந்திரிக்கல."

நான் பேனாவை வைத்துவிட்டேன். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன சொல்ல வேண்டும்? இப்போதாவது தலை குனிவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடினார். இரண்டு தடவை தலையை ஆட்டினார்.

"பியூட்டிஃபுல்" என்றார். "அபிதா, இதை அப்படியே க்வோட் பண்ணிடுங்க. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

கிளியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "இன்னாம்மா சொல்றாரு?"

"நீங்க சொன்னது ரொம்ப நல்லா இருக்காம்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளியே தெருவில், "கடலு வருது! வழி வுடு!" என்று கூச்சல் கிளம்பி, கதவைக் கடந்து, கோயில் பக்கம் போய்த் தேய்ந்தது. பிறகு மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

"இப்பவாச்சும் எந்திரி சார்" என்றாள். "பெருக்கணும்."